சென்னைக்குத் தனியா ஒரு கால்பந்து ஸ்டேடியம்: கட்டுறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் குறைத்திருக்கிறோம். நடை பேசியபடியே இருக்கிறது.)

வத்தலக்குண்டுல இருந்து உங்க பாட்காஸ்ட். பகல்ல கோடு எழுதுறது, ராத்திரி மைக் முன்னாடி உட்கார்றது, அதே ஆள்தான். இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயம், நம்ம கமெண்ட்ல ரொம்ப நாளா ஓடிட்டிருக்கிற சண்டை. சென்னை மாதிரி ஒரு பெரிய ஊருக்கு, கால்பந்துக்குன்னே தனியா ஒரு ஸ்டேடியம் வேணுமா, வேண்டாமா?

"வேணும்"னு சொல்றவங்க கொச்சியைக் காட்டுறாங்க, கொல்கத்தாவைக் காட்டுறாங்க. "வேண்டாம்"னு சொல்றவங்க, இருக்கிறதே நிறைய மாட்டேங்குது, இன்னொன்னு எதுக்குன்னு கேக்குறாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் கணக்கு போடல. இந்த எபிசோட்ல நாம கணக்கு போடுவோம். ஜியாமெட்ரி, தண்ணி, கூட்டம், காசு. இந்த நாலும்தான்.

முதல்ல, இப்ப என்ன இருக்கு?

சென்னை சென்ட்ரல்ல இறங்கி நடந்தே போற தூரத்துல, பெரியமேட்டுல ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் இருக்கு. சுமார் 40,000 பேர் உட்காரலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட பொறுப்புல இருக்கு. சென்னையின் எஃப்.சி. 2014ல் ஆரம்பிச்சதுல இருந்து அவங்க சொந்த மைதானம் இதுதான். 2015லயும், 2017-18 சீசன்லயும் ஐ.எஸ்.எல். கோப்பை ஜெயிச்ச டீம் அது.

அந்த இடத்துக்கு இன்னும் பழைய கதை ஒண்ணு இருக்கு. முன்னாடி அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். டெஸ்ட் கிரிக்கெட் எல்லாம் அங்க நடந்திருக்கு. 1956 ஜனவரியில நியூசிலாந்துக்கு எதிரா வினூ மன்கட், பங்கஜ் ராய் ரெண்டு பேரும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் அடிச்சது அங்கதான். அந்த உலக சாதனை 52 வருஷம் நின்னுச்சு.

இப்ப இருக்கிற ஸ்டேடியம் 1993ல் திறந்தது. அதே வருஷம் நேரு கோப்பை கால்பந்து அங்க நடந்துச்சு, வடகொரியா ஜெயிச்சுச்சு. 1995 டிசம்பர்ல தெற்காசிய விளையாட்டுப் போட்டியும் அங்கதான். அதாவது, அந்தக் கட்டடத்துக்கு ஆரம்பத்துல இருந்தே ரெண்டு வேலை: கால்பந்தும் பார்க்கணும், தடகளமும் பார்க்கணும். புல்தரையைச் சுத்தி ஓட்டப்பாதை இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். நம்ம சண்டை மொத்தமும் அந்த ஓட்டப்பாதையில இருந்துதான் ஆரம்பிக்குது.

கணக்கு ஒண்ணு: 36 மீட்டர்

ஒரு கால்பந்து மைதானத்தோட அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 400 மீட்டர் ஓட்டப்பாதைக்கும் உலக அளவுல ஒரு அளவு இருக்கு. நேர்ப் பகுதி 84.39 மீட்டர். வளைவோட ஆரம் 36.5 மீட்டர். ஒரு லேன் 1.22 மீட்டர். எட்டு லேனுக்கு 9.76 மீட்டர்.

இதைக் கூட்டிப் பாருங்க. ஓட்டப்பாதையோட வெளி விளிம்பு வரைக்கும் நீளம் கிட்டத்தட்ட 177 மீட்டர். அகலம் 92.5 மீட்டர். அதுக்குள்ள 105-க்கு 68 மைதானத்தை நட்டநடுவுல வச்சா, பக்கவாட்டுல 12 மீட்டர் இடைவெளி. அது பரவாயில்லை. ஆனா கோல் கம்பத்துக்குப் பின்னாடி? 36 மீட்டர். அதுக்கு அப்புறம்தான் முதல் வரிசை சீட்டே ஆரம்பிக்க முடியும்.

தனிக் கால்பந்து ஸ்டேடியத்துல ஃபிஃபா சொல்ற மொத்தப் பரப்பு 125-க்கு 85 மீட்டர். அப்படின்னா கோலுக்குப் பின்னாடி 10 மீட்டர்தான். 36 எங்க, 10 எங்க!

இப்ப 40 வரிசை இருக்கிற ஒரு கேலரின்னு வச்சுக்குவோம். ஒரு வரிசைக்கு 80 சென்டிமீட்டர். மொத்தம் 32 மீட்டர். கோலுக்குப் பின்னாடி கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிற நம்ம ஆளுக்கும், எதிர்ப்பக்க கோல் கோட்டுக்கும் எவ்வளவு தூரம்? ஓட்டப்பாதை இருந்தா 36 + 32 + 105 = 173 மீட்டர். இல்லைன்னா 10 + 32 + 105 = 147 மீட்டர். ஸ்டேடியம் வடிவமைக்கிறவங்க 150 மீட்டருக்குள்ள இருந்தா நல்லது, 190-ஐத் தாண்டவே கூடாதுன்னு சொல்வாங்க. பந்தோட விட்டம் 22 சென்டிமீட்டர். 173 மீட்டர்ல அது எப்படித் தெரியும்னு நினைச்சுப் பாருங்க. கோல் விழுந்துச்சான்னு பக்கத்துல இருக்கிறவரைக் கேட்டுத்தான் கத்தணும்.

இதோட இன்னொரு விஷயம். முன்னாடி உட்கார்ந்திருக்கிறவர் தலைக்கு மேல நம்ம பார்வைக் கோடு எவ்வளவு உயரத்துல போகுதுன்னு ஒரு கணக்கு உண்டு. பொதுவா 90 மில்லிமீட்டர் இருந்தா நல்லதுன்னு சொல்வாங்க. படிக்கட்டோட சாய்வை இதை வச்சுத்தான் முடிவு பண்றாங்க. மைதானம் பக்கத்துல இருந்தா சாய்வு செங்குத்தா வேணும். தள்ளி இருந்தா சாய்வு தட்டையாவே போதும். அதனாலதான் ஓட்டப்பாதை இருக்கிற ஸ்டேடியம் சாஞ்ச தட்டு மாதிரி இருக்கும். கால்பந்து ஸ்டேடியம் கிணறு மாதிரி இருக்கும். கிணத்துக்குள்ள கத்தினா எப்படிக் கேக்கும்? அதுதான் டிவியில நாம பார்க்கிற அந்தச் சத்தம்.

வெளியூர்க்காரங்க என்ன பண்ணாங்க?

இத்தாலியில டூரின் நகரம். 1990 உலகக் கோப்பைக்கு டெல்லே ஆல்ப்பினு ஒரு பிரம்மாண்ட ஸ்டேடியம் கட்டுனாங்க. கிட்டத்தட்ட 69,000 சீட். ஓட்டப்பாதையோட. யுவென்டஸ் மாதிரி ஒரு டீம் அங்க ஆடியும் ஜனங்களுக்கு அந்த இடம் பிடிக்கல. 20 வருஷம் கூட ஆகல, இடிச்சுட்டாங்க. அதே இடத்துல 2011ல் புதுசு கட்டுனாங்க. இங்க கவனிங்க: புதுசுல சீட் சுமார் 41,000தான். பெருசை இடிச்சுட்டு சின்னதைக் கட்டுனாங்க. அரங்கம் நிறைஞ்சுச்சு.

ஜெர்மனியில பேயர்ன் மியூனிக், ஒலிம்பிக் ஸ்டேடியத்தை விட்டுட்டு 2005ல் அலியான்ஸ் அரீனாவுக்குப் போனதுக்கும் இந்த ஓட்டப்பாதை ஒரு காரணம். லண்டன்ல இதுக்கு நேர் எதிர். 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டுனதை வெஸ்ட் ஹாம் டீமுக்கு 2016ல் கொடுத்தாங்க. தடகளத்துக்கு ஒரு தடவை, கால்பந்துக்கு ஒரு தடவைன்னு சீட்டை நகர்த்துற ஏற்பாடு. அந்த நகர்த்துற செலவே வருஷத்துக்குப் பல மில்லியன் பவுண்டு ஆச்சு. ஒரே கட்டடத்தை ரெண்டு வேலைக்கும் கச்சிதமா பண்றோம்னு யாராவது சொன்னா, "மாத்துற செலவு யாரோடது?"னு முதல்ல கேளுங்க.

நம்ம பக்கத்துலயே கொச்சி. 1996ல் திறந்த கலூர் ஸ்டேடியம். கிரிக்கெட்டும் நடந்துச்சு, கேரளா பிளாஸ்டர்ஸும் ஆடுச்சு. 2018 நவம்பர் 1ஆம் தேதி இந்தியா, வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் போட்டியை அங்க நடத்துறதா இருந்துச்சு. கிரிக்கெட் பிட்ச் போடணும்னா கால்பந்துப் புல்லைத் தோண்டணும். கால்பந்து வீரர்கள் கொதிச்சாங்க. சச்சின் டெண்டுல்கரே பேசுனாரு. கடைசியில மேட்ச் திருவனந்தபுரம் போச்சு. ஒரே மைதானத்துல ரெண்டு ஆட்டம்னா, ஒருத்தரோட புல் இன்னொருத்தரோட தடை.

கணக்கு ரெண்டு: தண்ணி

எங்க ஊர்ப் பக்கம் வெத்தலைக் கொடிக்கால் வச்சவங்களைக் கேட்டா ஒரே வார்த்தையில சொல்வாங்க: தண்ணி இருக்கணும், ஆனா நிக்கக் கூடாது. கால்பந்துப் புல்தரையும் அதே சாதி. மேல சுமார் ஒரு அடிக்கு மணல் கலவை, அதுக்குக் கீழ ஜல்லி, அதுக்குள்ள துளை போட்ட குழாய். மேல பெய்யிற மழை கீழ இறங்கி வெளிய போயிடணும்.

சென்னையில வருஷ மழையில பாதிக்கு மேல அக்டோபர், நவம்பர், டிசம்பர்ல கொட்டுது. ஐ.எஸ்.எல். சீசன் வழக்கமா செப்டம்பர்ல இருந்து நவம்பருக்குள்ள ஆரம்பிச்சு வசந்த காலம் வரைக்கும் போகும். அதாவது, மழையும் மேட்சும் ஒரே காலண்டர்ல. புல்தரைக்குக் கீழ குழாய் போட்டா மட்டும் பத்தாது. அந்தக் குழாய்த் தண்ணி கடைசியில எங்க போய் விழுது? அந்த இடமே தாழ்வா இருந்தா?

இங்கதான் இடப் பிரச்சனை வருது. தென் சென்னையில செம்மஞ்சேரியில, நூறு ஏக்கருக்கு மேல, உலகத் தரத்துல ஒரு விளையாட்டு நகரம் அமைக்கணும்னு தமிழ்நாடு அரசோட திட்டம் ஒண்ணு இருக்கு. பெரிய ஸ்டேடியம் பத்திப் பேசுறவங்க எல்லாரும் அதைத்தான் காட்டுறாங்க. கேட்க நல்லா இருக்கு. ஆனா செம்மஞ்சேரி எங்க இருக்கு? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சார்ந்த பகுதி. 2015 வெள்ளத்துல என்ன ஆச்சுன்னு அங்க இருக்கிற குடியிருப்பு வாரியக் குடும்பங்களைக் கேட்டா தெரியும். நகரத்துக்குள்ள இருந்து கொண்டுபோய் அங்க குடி வச்ச ஜனங்க அவங்க.

பள்ளிக்கரணைக்கு 2022ல் ராம்சார் அங்கீகாரம் கிடைச்சது. சுமார் 1,248 ஹெக்டேர். 2025ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென் மண்டல அமர்வு, ராம்சார் எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள, ஆய்வு முடியிற வரைக்கும் புதுக் கட்டுமான அனுமதி தரக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. சதுப்பு நிலத்தோட வேலையே மழைத் தண்ணியை வாங்கி வச்சுக்கிறது. அதைச் சுத்தி கான்கிரீட் போட்டா, அந்தத் தண்ணி யாரோ ஒருத்தர் வீட்டுக்குள்ள போய் நிக்கும். அதனால எந்த இடம்னாலும் முதல் கேள்வி "எத்தனை ஏக்கர்?" இல்லை. "2015 டிசம்பர்ல இங்க எத்தனை அடி தண்ணி நின்னுச்சு?"

கணக்கு மூணு: கூட்டம்

2025 ஜூன் 4. பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம். ஐ.பி.எல். வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த கூட்டத்துல நெரிசலாகி 11 பேர் செத்துப் போனாங்க. அது கேட்டுக்கு வெளிய, கேட்டுக்குப் பக்கத்துல நடந்தது. சீட்டுல இல்லை. ஸ்டேடியம்னா நாம சீட் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறோம். உயிர் போறதும் பிழைக்கிறதும் கேட்டுலயும் ரோட்டுலயும்தான்.

இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. பிரிட்டன்ல பின்பற்றுற ஸ்டேடியப் பாதுகாப்பு வழிகாட்டி சொல்றது: சீட்டுல இருக்கிறவங்க எல்லாரும் 8 நிமிஷத்துக்குள்ள தடையில்லாம நடக்கக்கூடிய இடத்துக்கு வந்துடணும். சமதரையில ஒரு மீட்டர் அகல வழியில நிமிஷத்துக்கு 82 பேர் போகலாம். படிக்கட்டுல 66 பேர்.

40,000 பேரை 8 நிமிஷத்துல வெளியேத்தணும்னா நிமிஷத்துக்கு 5,000 பேர். 82ஆல வகுத்தா 61 மீட்டர். அதாவது திறந்திருக்கிற வாசல்களோட மொத்த அகலம் குறைஞ்சது 61 மீட்டர் இருக்கணும். நாலு மீட்டர் கேட்டுன்னா பதினஞ்சுக்கு மேல. அத்தனையும் திறந்திருக்கணும். "பாதுகாப்புக்காக" பாதி கேட்டைப் பூட்டி வச்சா, நாம பேப்பர்ல போட்ட கணக்கு பேப்பரோட போச்சு.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது ஈசியா புரியும். சர்வர் எவ்வளவு பெருசுங்கிறது முக்கியம் இல்லை. கடைசி நிமிஷத்துல எல்லாரும் ஒரே நேரத்துல லாக்அவுட் பண்ணா தாங்குமாங்கிறதுதான் கேள்வி. வித்தியாசம் என்னன்னா, சர்வர் விழுந்தா ரீஸ்டார்ட் பண்ணலாம்.

வெளிய வந்தவங்க வீட்டுக்கு எப்படிப் போவாங்க? நேரு ஸ்டேடியத்தோட பெரிய பலமே சென்ட்ரல். ரயில், மெட்ரோ, புறநகர் ரயில், பஸ் எல்லாம் பக்கத்துல. கொடைரோடுல பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி மேட்ச் பார்க்கப் போற எங்க ஊர்ப் பையனுக்குக் கூட எழும்பூர்ல இறங்குனா பக்கம். ஓ.எம்.ஆர்.ல, மெட்ரோ ரெண்டாம் கட்டம் மாதவரத்துல இருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் வருது. அது ஓட ஆரம்பிச்ச பிறகு அங்க ஸ்டேடியம்னா ஒரு கதை. அதுக்கு முன்னாடின்னா, ராத்திரி பத்து மணிக்கு இருபதாயிரம் பேர் ஓ.எம்.ஆர்.ல பைக்கோட நிப்பாங்க.

கணக்கு நாலு: காசு

இந்தக் கணக்குல வர்ற எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது. எந்தத் திட்டத்தோட மதிப்பீடும் இல்லை.

20,000 சீட் ஸ்டேடியம். செலவு 300 கோடின்னு வச்சுக்குவோம். வருஷ வட்டி 8 சதவீதம். வட்டி மட்டும் 24 கோடி. இனி வரவு. 2024-25 ஐ.எஸ்.எல்.ல 13 டீம். ஒரு டீமுக்கு லீக் சுற்றுல சொந்த மைதானத்துல 12 மேட்ச். ஒரு மேட்சுக்கு 10,000 பேர், சராசரி டிக்கெட் 300 ரூபாய். ஒரு மேட்சுக்கு 30 லட்சம். 12 மேட்சுக்கு 3 கோடியே 60 லட்சம். அதுலயும் முழுசா ஸ்டேடியத்துக்கு வராது, டீமுக்கும் போகும்.

24 கோடிக்கு 3.6 கோடி. அப்புறம் கரண்ட் பில், புல் பராமரிப்பு, சம்பளம் தனி. வருஷத்துல 365 நாள்ல 12 நாள்னா 3.3 சதவீதம். மீதி 353 நாள் அந்தக் கட்டடம் என்ன பண்ணும்?

பிரேசில்ல மனாவ்ஸ்னு அமேசான் காட்டு நடுவுல ஒரு நகரம். 2014 உலகக் கோப்பைக்கு 40,000-க்கும் மேல சீட் வச்சு ஒரு ஸ்டேடியம் கட்டுனாங்க. உலகக் கோப்பையில நாலு மேட்ச் நடந்துச்சு. அதுக்கு அப்புறம், அந்த ஊர்ல முதல் டிவிஷன் டீமே இல்லை. நம்ம ஊர்ல சொல்ற மாதிரி, யானையை வாங்கிட்டாங்க, தீனிக்கு வழி பண்ணல.

"சென்னைக்கு டீம் இருக்கே"னு கேப்பீங்க. இருக்கு. ஆனா 2025 ஜூலையில, அடுத்த சீசனை நிறுத்தி வைக்கிறோம்னு ஐ.எஸ்.எல். நடத்துற நிறுவனம் கிளப்புகளுக்குச் சொல்லிடுச்சு. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தோட 2010ல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் அந்த வருஷ டிசம்பர்ல முடியறதா இருந்துச்சு. அடுத்து என்னன்னு முடிவாகல. சீசன் வழக்கமான நேரத்துல ஆரம்பிக்கவே இல்லை. வீரர்கள் சம்பளம் இல்லாம காத்திருந்தாங்க. இந்த நிலைமையில ஒரு வாடகைதாரரை நம்பி 50 வருஷக் கட்டடம் எழுப்ப முடியுமா?

அப்புறம் ஏன் சில ஸ்டேடியம் மட்டும் சட்டுன்னு வருது?

நம்ம பக்கத்தையே பாருங்க. 2025 நவம்பர், டிசம்பர்ல ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலயும் மதுரையிலயும் நடந்துச்சு. அதுக்காக மதுரை ரேஸ்கோர்ஸ்ல புது ஹாக்கி மைதானம் வந்துச்சு. ஒரு தேதி இருந்துச்சு, அந்தத் தேதிக்குள்ள கட்டி முடிச்சாகணும். 1993ல நேரு ஸ்டேடியத்துக்கும் அப்படி ஒரு தேதி இருந்துச்சு. கால்பந்துக்கு நமக்கு அந்தத் தேதி கிடைக்கல. 2017ல் 17 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவுக்கு வந்தப்போ டெல்லி, நவி மும்பை, கோவா, கொச்சி, குவாஹாட்டி, கொல்கத்தா. ஆறு ஊர். சென்னை இல்லை.

தேதி வச்சுக் கட்டுறதுல ஒரு ஆபத்தும் இருக்கு. தேதி முடிஞ்ச மறுநாளைக்குத் திட்டம் இருக்காது. அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில 2024 ஜனவரியில கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறந்தாங்க. சுமார் 66 ஏக்கர். ஆனா பொங்கலுக்கு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு இன்னும் ஊருக்குள்ள, பழைய வாடிவாசல்லதான் நடக்குது. "வாடிவாசல்" எழுதுன சி.சு. செல்லப்பா எங்க ஊரோட பேர் சொல்ற ஆள், அவர் ஊர்க்காரனா இதைச் சொல்லாம விட முடியல. ஆட்டம் ஜனங்களோட இருக்கும். கட்டடம் கட்டுனா ஆட்டம் தானா அங்க நகர்ந்து வந்துடாது.

இதுக்கு எதிர் உதாரணமும் நம்ம மாவட்டத்துலதான். நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். 2016ல் டி.என்.பி.எல். ஆரம்பிச்சதுல இருந்து அங்க மேட்ச் நடக்குது. ஒரு கல்லூரி மைதானம்தான். அது சும்மா கிடக்காது, பசங்க ஆடுவாங்க. மேட்ச் வந்தா மேட்ச். 2024ல் கோப்பை ஜெயிச்ச திண்டுக்கல் டிராகன்ஸுக்கு யாரும் 40,000 சீட் ஸ்டேடியம் கட்டித் தரல. முதல்ல தரை, அப்புறம் சீட். இந்த வரிசை முக்கியம்.

உண்மையில எது பணயத்துல இருக்கு?

சென்னையில கால்பந்து எங்க உயிரோட இருக்கு? வடசென்னையில. வியாசர்பாடியில இருந்து வந்த தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் மாதிரி வீரர்கள் ஐ.எஸ்.எல். வரைக்கும் போனாங்க. அவங்க ஸ்டேடியத்துல ஆடிக் கத்துக்கல. தெருவுக்குப் பக்கத்துல இருந்த மைதானத்துல கத்துக்கிட்டாங்க.

2024 அக்டோபர்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? சென்னை மாநகராட்சி, தன்னோட 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியார்கிட்ட விட, மன்றத்துல தீர்மானம் போட்டுச்சு. ஆடுறவங்க ஒருத்தருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய். எதிர்ப்பு கிளம்புனதும் திரும்ப வாங்கிட்டாங்க, இலவசம்தான்னு சொல்லிட்டாங்க. ஆனா கணக்கைப் போட்டுப் பாருங்க. தினம் ஒரு மணி நேரம் பயிற்சி பண்ற ஒரு பிள்ளைக்கு மாசம் 3,600 ரூபாய். வீட்டுல ரெண்டு பிள்ளைன்னா 7,200. வியாசர்பாடியில, புளியந்தோப்புல எத்தனை வீட்டுல அதைக் கொடுக்க முடியும்?

அந்தத் தீர்மானம் நின்னிருந்தா, இன்னும் பத்து வருஷத்துல ஸ்டேடியம் இருக்கும், ஆட ஆள் இருக்காது. என்னைப் பொறுத்தவரைக்கும் பெரிய ஸ்டேடியம் பத்தின விவாதத்துல விட்டுப் போற விஷயம் இதுதான்.

தமிழ்நாடு அரசு ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலயும் 3 கோடி ரூபாய்ல ஒரு சிறு விளையாட்டரங்கம்னு ஒரு திட்டம் அறிவிச்சிருக்கு. நம்ம உதாரண ஸ்டேடியத்தோட 300 கோடியை 3 கோடியால வகுங்க. நூறு தொகுதி. மொத்தமே 234 தொகுதிதான். எங்க வத்தலக்குண்டு நிலக்கோட்டை தொகுதியில வருது. இங்க ஒரு பொண்ணு சாயங்காலம் லைட் வெளிச்சத்துல பயமில்லாம பந்து உதைக்க ஒரு மைதானம் கிடைக்கிறதுக்கும், சென்னையில ஒரு கேலரிக்கும் இடையில தேர்ந்தெடுக்கச் சொன்னா, நான் யோசிக்காம மைதானத்தைச் சொல்வேன்.

அப்ப ஸ்டேடியமே வேண்டாமா?

நான் அப்படிச் சொல்லல. வேணும். ஆனா எப்படிங்கிறதுதான் விஷயம். என் கருத்து இது:

1. 12,000 முதல் 15,000 சீட். ஓட்டப்பாதை இல்லாத செவ்வக மைதானம். பின்னாடி கூட்டம் வந்தா மூலைகளை அடைச்சுப் பெருசாக்குற மாதிரி அஸ்திவாரம். மும்பை சிட்டி அந்தேரியில சில ஆயிரம் சீட் மட்டுமே இருக்கிற சின்ன அரங்கத்துல ஆடித்தான் பெரிய டீமாச்சு. நிறைஞ்ச ஏழாயிரம், காலியான நாற்பதாயிரத்தை விடச் சத்தம் போடும்.

2. ஓடுற மெட்ரோ அல்லது ரயில் ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரம். "வரப்போற" ஸ்டேஷன் கணக்குல வராது.

3. இடத்தோட வெள்ள வரலாறு, வடிகால் போய்ச் சேர்ற இடம், ரெண்டையும் டெண்டருக்கு முன்னாடியே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும்.

4. மேட்ச் இல்லாத நாள்ல யாருக்கு, எந்த நேரம், எவ்வளவு கட்டணம்னு ஒப்பந்தத்துலயே எழுதணும். மாநகராட்சிப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம்னு எண்ணோட இருக்கணும்.

5. பராமரிப்புக் காசு எங்க இருந்து வருதுன்னு முதல் பத்து வருஷத்துக்குக் காட்டணும். கட்டுற காசு செய்தியில வரும், பராமரிக்கிற காசு வராது.

கேள்வி நேரம்

தேனியில இருந்து ஒரு தம்பி: "அண்ணே, நேரு ஸ்டேடியத்துல ஓட்டப்பாதையை எடுத்துட்டு சீட்டை முன்னாடி போட்டா முடிஞ்சுதுல்ல? எதுக்குப் புதுசு?"

தம்பி, அந்த ஓட்டப்பாதையில காலையில போய்ப் பாரு. ஸ்பைக் ஷூ ஒரே ஒரு ஜோடி வச்சுக்கிட்டு ஓடிட்டிருக்கிற பிள்ளைங்க இருப்பாங்க. மாநில அளவுல எத்தனையோ தடகளப் போட்டி அங்கதான் நடக்குது. கால்பந்து ரசிகனுக்குப் பார்வை சரியில்லைங்கிறதுக்காக ஓட்டக்காரனோட தரையைப் பிடுங்குறது நியாயம் இல்லை. தனி ஸ்டேடியம் கேக்குறதுக்கு எனக்குத் தெரிஞ்ச உருப்படியான காரணமே இதுதான்: ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கட்டும்.

திண்டுக்கல்ல இருந்து ஒரு அக்கா: "எல்லாமே சென்னைதானா? மதுரை, திண்டுக்கல் பக்கம் கட்டக் கூடாதா?"

அக்கா, கேள்வி சரி. கட்டலாம். ஆனா முதல்ல இங்க வருஷம் முழுக்க ஆடுற ஒரு லீக் வேணும். பள்ளிக்கூடம், கல்லூரி, கிளப்னு வாராவாரம் மேட்ச் நடந்து, ஐந்நூறு பேர் தவறாம வந்தா, ரெண்டாயிரம் சீட்டுக்குக் கேக்கலாம். ரெண்டாயிரம் நிறைஞ்சா பத்தாயிரம் கேக்கலாம். ரசிகர் கூட்டத்தை டெண்டர் விட்டுக் கட்ட முடியாது, அதுதான் சிக்கல்.

சரி மக்களே, உங்களுக்கு ஒரு வீட்டு வேலை. உங்க ஊர்ல காசு கொடுக்காம, யார்கிட்டயும் அனுமதி கேக்காம, பதினோரு பேர் பதினோரு பேரா ஆடக்கூடிய மைதானம் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி எத்தனை இருந்துச்சுன்னு வீட்டுல பெரியவங்களைக் கேளுங்க. ரெண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்க. வர்ற எண்களை வச்சே அடுத்த எபிசோடைப் பேசுவோம்.